7,800 ரூபாய்க் கைபேசி: ஐந்தரை ஆண்டு உழைப்புக்குப் பின்

என் அத்தை மகள் தன் பெண்ணுக்கு ஒரு கைபேசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெண் ஒன்பதாம் வகுப்பு. "புதிது வேண்டாம். உன் வீட்டில் கரோனாக் காலத்தில் வாங்கியது இன்னும் ஓடுகிறதே, அது எப்படி?" என்று போன வாரம் கேட்டாள். நல்லது, கெட்டது என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் எதையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்துத்தான் பார்க்கத் தெரியும். அப்படியே எழுதிவிடுகிறேன்.

கம்பெனிப் பெயர் வேண்டாம். அந்த மாடல் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. பெயரைச் சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. 6.1 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பிடம், 4,000 எம்ஏஎச் பேட்டரி, பின்பக்கம் ஒரே ஒரு கேமரா, அதே பின்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர். நிறம் நீலம் என்று பெட்டியில் போட்டிருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் மட்டும் நீலம்.

வாங்கியது கோவில்பட்டியில், 2020 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. இரண்டு நாளைக்கு முன்புதான் எனக்குப் பத்தாம் வகுப்பு முடிவு வந்திருந்தது. முடிவு என்று சொல்வது பெரிய வார்த்தை. மார்ச் 27 தேர்வு என்றார்கள், பிறகு ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9 அன்று தேர்வே கிடையாது, எல்லோரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். அரையாண்டில் அம்மை போட்டுப் படுத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் முழுவதும் நாலு மணிக்கு எழுந்து படித்ததைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைக் கைபேசியின் மேல் ஏற்றக் கூடாது.

பிளஸ் ஒன் வகுப்பு கைபேசியில்தான் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அப்பா கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுகிறவர். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020 ஏப்ரல் 30. ஊரே மார் தட்டிக்கொள்ள வேண்டிய அந்த நாளில் அப்பாவின் பட்டறை பூட்டிக் கிடந்தது, அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஜூனில் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். கைபேசிக்காக முதலாளியிடம் 7,800 ரூபாய் முன்பணம் வாங்கினார். வாரம் 300 ரூபாய் பிடித்தம், 26 வாரம். முதல் பிடித்தம் ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கடையில் நாங்கள் இருந்தது பத்து நிமிடம்தான். "மார்ச்சுக்கு முன்னால் வந்திருந்தால் நானூறு ரூபாய் குறைவு அண்ணாச்சி, ஏப்ரலிலிருந்து ஜிஎஸ்டி 12லிருந்து 18 ஆகிவிட்டது" என்று கடைக்காரர் சொன்னார். அப்பா இன்னும் இரண்டு மாடலைக் காட்டச் சொன்னார். கடைக்காரர் காட்டவில்லை. மணி ஆறரை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்" என்றார். கடைகளுக்கு ஏழு மணிவரை அனுமதி இருந்தது. ஆனால் ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருந்த தந்தையையும் மகனையும், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித்தான் போலீஸார் பிடித்துப்போனார்கள். இருவர் உயிரும் பிரிந்தது எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில். எங்கள் மாவட்டத்தில் கைபேசிக் கடைக்காரர் ஒருவர் அரை மணி நேரம் முன்பே ஷட்டரை இறக்கினால் அதை வாடிக்கையாளர் சேவைக் குறைபாடு என்று எழுத என் கை வராது.

இனி பொருளுக்கு வருகிறேன்.

திரை பரவாயில்லை. மொட்டை மாடி வெயிலில் ஒன்றும் தெரியாது, வீட்டுக்குள் போதும். டெம்பர்டு கிளாஸ் மூன்று முறை மாற்றினேன், தடவைக்கு நூறு ரூபாய். ரேம் 2 ஜிபி என்பது இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யாது என்பதற்கு இன்னொரு பெயர். வகுப்பு நடக்கும்போது பாடப் புத்தகத்தின் பிடிஎஃப்பைத் திறந்தால் வகுப்பு கழன்றுகொள்ளும். மறுபடி உள்ளே போக டீச்சர் அனுமதிக்க வேண்டும். டீச்சருக்கு அப்போதுதான் கரும்பலகையிலிருந்து கைபேசிக்கு மாறிய காலம். நாங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படாது. வணிகவியல் பாடத்தில் முதல் இரண்டு அலகுகளை நான் கதவுக்கு வெளியே நின்றே கற்றேன்.

ஸ்பீக்கர்தான் இந்தக் கைபேசியின் பெரிய குறை. பின்பக்கம் இருப்பதால் மேசைமேல் வைத்தால் சத்தம் மேசைக்குள் போகிறது. கையில் பிடித்தால் விரல் மறைக்கிறது. முழுச் சத்தத்தில் வைத்தால் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் கரகரக்கிறது. ஹெட்போன் போடலாமே என்பீர்கள். எங்களால் போட முடியாது, ஏனென்றால் இந்தக் கைபேசியில் படித்தது இரண்டு பேர்.

அவளைப் பேச்சி என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் போகிறவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். அவர்கள் வீட்டில் பொத்தான் வைத்த கைபேசி ஒன்று உண்டு, அதையும் அவள் அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் காலை ஒன்பதரைக்குப் பேச்சி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்குச் செல்வதுபோல எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் மட்டும் இல்லாமல். அம்மா ஆரம்பத்தில் கொஞ்சம் முகம் சுளித்தார், யார் வீட்டில் யாருக்கு என்ன இருக்கிறதோ என்ற பயம். இரண்டு நாள் வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தார். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டில் இட்லி வந்துவிட்டது.

டம்ளரைக் கண்டுபிடித்தவள் அவள். முதல் வாரத்திலேயே, கரகரப்பைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், "அத்தை, ஒரு டம்ளர் கொடுங்கள்" என்று அம்மாவிடம் வாங்கி, அகலமான எவர்சில்வர் டம்ளருக்குள் கைபேசியைச் சாய்த்து இறக்கினாள். ஸ்பீக்கர் டம்ளரின் அடியை நோக்கி, திரை எங்களை நோக்கி. கரகரப்பு உள்ளேயே சுழன்று அடங்கிவிட்டது, டீச்சர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாக, தெளிவாக வந்தது. காப்பி டம்ளர் ஆகாது, மோர் குடிக்கிற பெரிய டம்ளர் வேண்டும். பித்தளைச் செம்பில் போட்டால் இன்னும் சத்தம், ஆனால் திரை தெரியாது. ஐந்தரை ஆண்டில் இந்தக் கைபேசிக்கு நான் பார்த்த எல்லாத் துணைக்கருவிகளிலும் மிகச் சிறந்தது அந்த டம்ளர்தான்.

வருகைப் பதிவும் டம்ளர் வழியாகத்தான். பதினெட்டாம் எண் நான், இருபத்து மூன்று அவள். பதினெட்டுக்கு நான் "இருக்கிறேன் டீச்சர்" என்பேன். இருபத்து மூன்றுக்கு அவள் டம்ளர் வாய்க்குள் குனிந்து சொல்வாள். கொஞ்ச நாள் கழித்து எல்லா டீச்சர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் இப்படி ஒரு கைபேசியில் ஒட்டிக்கொண்டு படித்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

போட்டிப் பொருளையும் சொல்லிவிட வேண்டும். அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டே ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் பள்ளிக்கூடம் ஆகும் என்று தொடங்கும்போது யார் நினைத்தார்கள்? ஏழாம் வகுப்புத் தம்பி அதில்தான் படித்தான். டேட்டா தேவையில்லை, படமும் ஒலியும் சுத்தம். ஆனால் தொலைக்காட்சி யாரையும் எண் சொல்லிக் கூப்பிடாது, தம்பி அதைத்தான் அதன் சிறப்பு என்பான்.

பேட்டரிக்கு முழு மதிப்பெண். காலையில் ஏற்றினால் மாலைவரை தாங்கும். நான்காம் ஆண்டில் உப்பிக்கொண்டு பின்மூடியைத் தள்ளியது, 650 ரூபாய்க்கு மாற்றினேன். சார்ஜர் ஒன்று 180 ரூபாய். டேட்டா விஷயம் கைபேசியைச் சேர்ந்தது அல்ல என்றாலும் செலவு நம்முடையதுதானே. 249 ரூபாய், நாளுக்கு 2 ஜிபி, 28 நாள். கைபேசி நிறுவனங்களுக்கு எல்லா மாதமும் பிப்ரவரிதான். 2 ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். டீச்சர் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். பெரும்பாலும் பொருளியல் வகுப்பில்தான் இது நடந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய அரை மணி இடைவேளையில் தம்பி விளையாட்டு வீடியோ பார்த்திருப்பான்.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

13 மெகாபிக்சல் என்று பெட்டியில் இருக்கிறது. மனித முகத்துக்கு எப்படியோ, நோட்டுப் பக்கத்துக்குப் போதும். வீட்டுப்பாடத்தை எழுதி, படம் எடுத்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். டீச்சர் அங்கேயே திருத்துவார், எல்லோரும் பார்ப்பார்கள். நாங்கள் எடுத்தது கணக்குப்பதிவியல் பிரிவு. பேரேட்டுக் கணக்கு என்றால் பக்கத்தின் நடுவே கோடு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, இரண்டு பக்கமும் கீழே கூட்டுத்தொகை. 192 பக்க நோட்டு விரிந்து நிற்காது, மூடிக்கொள்ளும். வலது கையில் கைபேசியைப் பிடித்தால் இடது கையால் நோட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் எடுக்கும்போது பேச்சி எனக்காகப் பிடிப்பாள். அவள் எடுக்கும்போது நான் பெரும்பாலும் சமையலறையில் எதையாவது தின்றுகொண்டிருப்பேன். ஆகவே அவள் அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் இடது கீழ் மூலையில் அவளுடைய பெருவிரல் இருக்கும். நகத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை. சாயங்காலம் அவளும் அம்மாவோடு தீக்குச்சி அடைக்கப் போவாள்.

ஒருநாள் டீச்சர் குழுவில் குரல் பதிவு போட்டார். "பேச்சி, கணக்கெல்லாம் சரி. ஆனால் பற்றுப் பக்கத்துக் கூட்டுத்தொகை உன் விரலுக்கு அடியில் இருக்கிறது அம்மா." டீச்சர் அன்பாகத்தான் சொன்னார். பேச்சியே சிரித்தாள். அன்று இரவு, பேச்சி இல்லாத வேறொரு சின்னக் குழுவில் (அவள் அதில் எப்படி இருப்பாள், கைபேசி என்னுடையதல்லவா) நான் எழுதினேன்: "பேச்சி பற்றுப் பக்கத்தில் 'பெருவிரல் க/கு' என்று புதுக் கணக்கு திறந்திருக்கிறாள்." இருபது சிரிப்பு முகங்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வேடிக்கை சொன்னால் பக்கத்து இரண்டு பெஞ்ச் சிரிக்கும். இங்கே வகுப்பில் பாதி சிரித்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆறு மாதத்தில் எனக்கு நடந்த நல்ல விஷயம் அதுதான் என்று அப்போது தோன்றியது. அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் குழுவில் பெயர் பெருவிரல்.

இதற்கு நடுவே பள்ளி திறந்தது. அப்பாவின் 26ஆவது பிடித்தம் 2021 பிப்ரவரி 6, சனிக்கிழமை. கைபேசிக் கடன் அன்றோடு தீர்ந்தது. எங்கள் வகுப்புக்குப் பள்ளி திறந்தது பிப்ரவரி 8, திங்கட்கிழமை. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிளஸ் ஒன் டீச்சர்களை அன்றுதான் முதல் முறை நேரில் பார்த்தோம், அதுவும் பாதி முகம்தான். முகக்கவசம் போட்டு ஒருவர் உள்ளே வந்தார், யாரென்று தெரியவில்லை. "உட்காருங்கள்" என்றார். பேச்சி என் பக்கம் திரும்பி, "டம்ளர் இல்லாமலே பொருளியல் டீச்சர் குரல் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். பெஞ்சின் இரு முனையில் ஆளுக்கு ஒருவர். நடுவில் ஒரு கடலைமிட்டாய்த் துண்டைத் தள்ளிவிட்டால் அது போய்ச் சேரும் தூரம். பிப்ரவரி 25 அன்று எங்களுக்கும் தேர்வு கிடையாது, ஒன்பது, பத்து, பதினொன்று எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. மார்ச் 22 முதல் மறுபடி கதவடைப்பு. நடுவில் கிடைத்தது ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் சின்னக் குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை, எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கைபேசியின் மிக மோசமான அம்சம் அறிவிப்புப் பட்டை. எந்தச் செய்தி வந்தாலும், என்ன திறந்திருந்தாலும், திரையின் மேலே முழு வாக்கியமும் இறங்கி நிற்கும். வாங்கியவுடன் அமைப்புகளுக்குள் போய் அறிவிப்புகள் என்ற இடத்தில் செய்தி இப்படித் திரைமேல் இறங்குவதை நிறுத்திவிட வேண்டும். எனக்கு அது தெரிந்தது 2021 ஏப்ரல் 22. ஒருநாள் தாமதம்.

ஏப்ரல் 21 மதியம். தேர்வு இல்லை என்றாலும் சில டீச்சர்கள் பிளஸ் டூவுக்கு முன்னோட்டமாகக் கணக்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். தரையில் நோட்டை விரித்து, ஒரு காலை மடித்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் பக்கம் படபடத்தது. நான் அவளுக்குப் பின்னால் கட்டிலில் இருந்தேன், திரை எனக்கும் தெரிந்தது. மேலிருந்து பட்டை இறங்கியது. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "பெருவிரல் கிளம்பிவிட்டதா? கிளம்பியதும் வா, பேசலாம்."

கிளம்பிவிட்டாளா என்றுகூட இல்லை.

பட்டை நான்கைந்து நொடியில் தானாக மேலே ஏறிப் போய்விட்டது. பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை நோட்டிலிருந்து எடுத்தாள். கடைசிப் பக்கத்தை விரல் இல்லாமல் ஒரு படம் எடுத்தாள். பிறகு கைபேசியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள், டம்ளரை எடுத்துப் போய்ச் சமையலறையில் கழுவிக் கவிழ்த்தாள், "வருகிறேன் அத்தை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். படத்தைக் குழுவில் அனுப்பவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. இரவு ஊரடங்கு போட்டிருந்தார்கள், ஞாயிறு தவிரப் பகலில் தடையில்லை. மே 10இலிருந்துதான் முழு ஊரடங்கு. மூன்று தெரு. ஊரடங்கு, ஊரடங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருமுனை பலசரக்குக் கடைக்குத் தினம் போய்வந்தவள்தான் நான். செய்தி அனுப்பலாம் என்றால் அவளிடம் கைபேசி கிடையாது. அவளிடம் கைபேசி கிடையாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அவளுக்குச் செய்தி அனுப்ப வழி இல்லாததற்கு நான் என்ன செய்ய?

ஜூலையில் மாநிலம் முழுக்க பஸ் ஓடத் தொடங்கியதும் திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு எங்கள் பகுதிப் பெண்கள் ஏழெட்டுப் பேரை வேனில் அழைத்துப் போனார்கள். விடுதி, சாப்பாடு, மாதச் சம்பளம். அவளும் போயிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் அவள் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்ததாம். இது எனக்குத் தெரிந்தது செப்டம்பர் 1 அன்று, பள்ளி திறந்த பிறகு. அறைக்கு இருபது பேர் என்று எங்களைப் பிரித்து உட்கார வைத்திருந்ததால், அவள் பக்கத்து அறையில் இருப்பாள் என்று மதியம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இன்னும் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்தானே.

2022 மே மாதம் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதினோம். எங்கள் செட்டுக்கு வாழ்நாளிலேயே அதுதான் முதல் பொதுத்தேர்வு. விடைத்தாளின் முகப்பை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் பதினேழு வயதுப் பெண்கள் கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கண்காணிக்க வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார். கணக்குப்பதிவியலில் 91 எடுத்தேன். கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று பக்கத்தில் எட்டிப் பார்க்கும் பழக்கம் மூன்று மணி நேரமும் போகவில்லை. பக்கத்தில் இருந்தது சுவர்.

சேமிப்பிடம் பற்றி இரண்டு வரி. 32 ஜிபியில் பத்து கைபேசியின் சொந்த மென்பொருளுக்கே போய்விடும். மிச்சம் நமக்கு. ஒன்றரை வருடத்தில் "இடம் இல்லை" என்று அலறத் தொடங்கும். நான் பாட வீடியோக்களை அழித்தேன், தம்பியின் விளையாட்டுகளை அவன் தூங்கும்போது அழித்தேன், சின்னக் குழுவை மொத்தமாக அழித்தேன். கேமரா கோப்புறையில் 2020 செப்டம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 300க்குச் சற்று மேல் படங்கள் இருக்கின்றன. எல்லாம் பேரேடு, குறிப்பேடு, இருப்பாய்வு. கடைசி ஒன்றைத் தவிர அவள் எடுத்த எல்லாவற்றிலும் விரல்.

மொத்தச் செலவு: கைபேசி 7,800. பிளஸ் டூ முடியும்வரை 249 ரூபாயில் 17 ரீசார்ஜ், 2021 டிசம்பரில் விலை ஏறிய பிறகு 299இல் 6, ஆக 6,027. கண்ணாடி 300, பேட்டரி 650, சார்ஜர் 180. கூட்டினால் 14,957 ரூபாய். இரண்டு பேர் படித்தார்கள் என்று வகுத்தால் மலிவு. அப்படி வகுக்கலாமா என்பது என் அலுவலகத்தில் தினமும் வருகிற தகராறு மாதிரிதான். எந்தக் கணக்கில் எழுதுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அத்தை மகளுக்குச் சொல்ல வேண்டியது: கைபேசி நல்ல உழைப்பு. இப்போது அம்மாவிடம் இருக்கிறது, தண்ணீர் விடும் நாளில் விடியற்காலை மூன்றரைக்கு அலாரம் அடிக்க. ஆனால் உன் பெண்ணுக்கு இதைத் தர மாட்டேன். புதிய செயலிகள் பாதி இதில் ஏறாது. 4 ஜிபி ரேமுக்குக் குறைந்து எதையும் வாங்காதே. வாங்கிய அன்றே அறிவிப்பு அமைப்பை மாற்றிக் கொடு. பிள்ளைக்கு எத்தனை குழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருக்காதே; அவள் எந்தக் குழுவில் இல்லை என்று எப்போதாவது கேள்.

இந்தப் பொங்கலுக்குப் பேச்சி ஊருக்கு வந்திருந்தாள். மில்லை விட்டு இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். செண்பகவல்லி அம்மன் கோயில் வாசலில் அம்மாதான் பார்த்து, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். நான் கதவைத் திறந்து, "வா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவளும் "நல்லா இருக்கிறாயா" என்று மட்டும் கேட்டாள். அவளிடம் இப்போது என்னுடையதைவிட விலை கூடிய கைபேசி. அம்மா கரும்பு வெட்டப் போனார். ஜன்னல் திண்டில் இந்தப் பழையதில் ஏதோ பக்திப் பாட்டு கரகரத்துக்கொண்டிருந்தது. பேச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இது இன்னும் இப்படித்தான் கத்துகிறதா?" என்றாள்.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அத்தை, அந்தப் பெரிய டம்ளர் இருக்கிறதா?" என்று கேட்டாள்.